பழைய கேம்பாய்க்குப் புதுத் திரை: உப்புக் காற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாயின் திரையை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். ஆனால் நம்ம மாவட்டத்தில், குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டி இருப்பவர்களும் சரி, குலசேகரம் பக்கம் இரண்டு பருவமழையிலும் நனைகிறவர்களும் சரி, மாற்றுத் திரை கிட் வாங்கி மாட்டிய கையோடு "திரை மினுங்குது, வெளிச்சத்தைக் கூட்டினா தானா ஆஃப் ஆகுது, டூப்ளிகேட் கிட்டைத் தலையில கட்டிட்டான்" என்று புலம்புவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் தப்பு கிட்டில் இல்லை. உள்ளே இருக்கும் பவர் சுவிட்ச் உப்புக் காற்றில் கறுத்துப் போயிருக்கும், பழைய திரை கொஞ்சமாக மின்சாரம் இழுத்ததால் அது வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும், புதுத் திரை கூடுதலாகக் கேட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் திரை மேஜைக்கு வருவதற்கு முன்பே பாதி வேலை வந்துவிடும். அவசரப்படாமல் படியுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

எங்கே உட்கார்ந்து விளையாடுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1989-இல் வந்த முதல் கேம்பாய், 1996-இன் பாக்கெட், 1998-இன் கலர், 2001-இன் அட்வான்ஸ், இந்த நான்கிலும் திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே போய், பின்னால் இருக்கும் பூச்சில் பட்டுத் திரும்பி வந்தால்தான் படம் தெரியும். ராத்திரி போர்வைக்குள் ஒன்றும் தெரியாது என்பது உண்மை. ஆனால் அதையே சங்குத்துறை கடற்கரையில் மத்தியான வெயிலில் பிடித்துப் பாருங்கள், குறிப்பாக கேம்பாய் கலரை, அந்தப் பழைய திரை அத்தனை அழகாக இருக்கும். கிட்டில் வரும் ஐபிஎஸ் என்ற பின்விளக்குள்ள புதுத் திரை அங்கே வெளிறிப் போய்விடும், முழு வெளிச்சம் வைத்தாலும் உங்கள் முகம்தான் கண்ணாடியில் தெரியும். வீட்டுக்குள்ளும், நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸிலும் விளையாடுகிறவர் என்றால் மாற்றுங்கள். திண்ணையில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து விளையாடும் ஆள் என்றால், பழைய கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டுப் பணத்தைச் சேமியுங்கள். திரை மங்கலாக இருக்கிறது என்று நினைப்பதில் பாதி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் விழுந்த கீறல்தான்.

இன்னொன்று. வெளிச்சம் வேறு, திரையின் தரம் வேறு. கடைக்காரர்கள் எல்லாம் வெளிச்சத்தைத்தான் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது, பழைய படத்தின் ஒரு புள்ளி புதுத் திரையில் முழு எண்ணாகப் பெருகுகிறதா என்பதை. அட்வான்ஸின் படம் 240க்கு 160 புள்ளி. இதை 720க்கு 480 திரையில் காட்டினால் ஒவ்வொரு புள்ளியும் சரியாக மூன்றுக்கு மூன்று கட்டமாக மாறும், எழுத்தெல்லாம் கத்தரித்து வைத்ததுபோல் இருக்கும். இரண்டரை மடங்கு, இரண்டே முக்கால் மடங்கு என்று இழுத்தால் சில புள்ளி தடியாகவும் சில புள்ளி ஒல்லியாகவும் வந்து, பின்னணி நகரும்போது நெளிந்துகொண்டு ஓடும். நின்ற படத்தில் இது தெரியாது, அதனால் விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எந்தக் கருவிக்கு என்ன செய்யலாம்

முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு கேம்பாய் அட்வான்ஸ்தான் சரி. கிட் தாராளமாகக் கிடைக்கிறது, சோல்டரிங் அயர்னால் பற்றவைக்காமலே மாட்டலாம், உள்ளே கை வைக்க இடமும் இருக்கிறது. கீழே படிப்படியாகச் சொல்லப்போவது அதைத்தான்.

அட்வான்ஸின் மடக்கு ரகமான எஸ்பி வைத்திருப்பவர்கள் கிட் தேடும் முன் உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று பாருங்கள். 2003-இல் வந்த ஏஜிஎஸ்-001-இல் வெளிச்சம் முன்பக்க ஓரத்திலிருந்து வரும், படம் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கும். 2005-இல் வந்த ஏஜிஎஸ்-101-இல் திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், அது இன்றைக்கும் நல்ல திரைதான். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாதீர்கள், செகண்ட் ஹாண்டில் வருவதில் நிறைய வெளிக்கூடு மாற்றியவை, லேபிள் தனியாகவே விற்கிறார்கள். நடுவில் இருக்கும் வெளிச்சப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு முழுவதும் அணைந்தால் 001, வெளிச்சம் கூடிக் குறைந்தால் 101. 101 கிடைத்தால் அதன் திரையைத் தொடாதீர்கள். முன்பு ஒரு காலத்தில் அந்தத் திரையைப் பிடுங்கி அட்வான்ஸில் மாட்டுவது ஃபேஷனாக இருந்தது, ஐபிஎஸ் கிட் வந்த பிறகு அதற்குத் தேவையே இல்லை, நல்ல எஸ்பி ஒன்று வீணாவதுதான் மிச்சம்.

கேம்பாய் கலருக்கு, கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டியே வரும் லாமினேட் கிட் கிடைக்கிறது. நம்ம ஊர் ஈரத்துக்கு அதுதான் என் சிபாரிசு, ஏன் என்று பின்னால் வரும்.

முதல் கேம்பாய், அந்தச் சாம்பல் நிறச் செங்கல், அதில் திரையில் செங்குத்தாகக் கோடுகள் காணாமல் போயிருந்தால் உடனே புதுத் திரை வாங்கப் போகாதீர்கள். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ரிப்பன் (தட்டையான கம்பிப் பட்டை) ஒட்டியிருக்கும் இடம் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான் வியாதி. மூடியைக் கழற்றி, கருவியை ஆன் செய்து வைத்துக்கொண்டே, அந்த ரிப்பனின் விளிம்பில் குறைந்த சூட்டில் சோல்டரிங் அயர்னை மெதுவாக இடமும் வலமும் இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சூடு அதிகமானால் ரிப்பன் வெந்துவிடும். படுக்கைவாட்டில் கோடு விட்டிருந்தால் அது வேறு பக்கத்து ரிப்பன், அதைச் சரிசெய்வது கடினம். திரையின் நடுவில் கறுப்பாக வெந்தது போலத் திட்டு இருந்தால் போலரைசர் தாள் (திரைமேல் ஒட்டிய, ஒளியை வடிகட்டும் தாள்) கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை உரித்து வேறு தாள் ஒட்டலாம், ஆனால் பழைய பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

சேகா நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் கியர் யாரிடமாவது இருந்தால், அதில் திரையை மாற்றும் முன் கவனிக்க வேண்டியது போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர் என்ற சின்னப் பாகங்களை. திரை மங்கி, சத்தமும் குறைந்திருந்தால் கெப்பாசிட்டர்கள் கசிந்துவிட்டன. அயர்னை வைத்ததும் மீன் வாடை அடிக்கும், அது குளச்சல் காற்று இல்லை, கசிந்த திரவம். எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் புதுத் திரையைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அதில் பழைய விளக்கு ஒரு குட்டி டியூப் லைட், அதை எரிய வைக்கிற இடத்தில் உயர் மின்னழுத்தம் இருக்கும், ஆனில் இருக்கும்போது விரல் வைக்காதீர்கள். ஆறு பேட்டரியை மணிக்கணக்கில் தின்றுவிடுகிற கருவி அது, புதுத் திரை போட்டால் இதில் மட்டும் பேட்டரி கூடுதல் நேரம் வரும்.

வாங்குவது

அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் தடை ஆனதிலிருந்து இது கொஞ்சம் சுற்றுவழிதான். ஃபன்னிபிளேயிங், ஹைஸ்பீடிடோ போன்ற தயாரிப்பாளர்களிடம் நேராக ஆர்டர் போடலாம், கஸ்டம்ஸ் வரி எவ்வளவு விழும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே விலையைப் பாருங்கள். நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால், லீவில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிற மச்சானிடமோ சித்தப்பாவிடமோ சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிச் சொல்லும்போது "கேம்பாய் டிஸ்ப்ளே" என்று மட்டும் சொன்னால் அவர் பாவம் எதையாவது வாங்கி வருவார். கருவியின் மாடல், கிட்டின் பெயர், கூடு தேவையா இல்லையா, கண்ணாடி சேர்ந்து வருகிறதா, இவை எல்லாவற்றையும் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

கூடு விஷயத்தில் என் கருத்து இது. ஐபிஎஸ் பலகை பழைய திரையைவிடப் பருமன் என்பதால், பல கிட்டுகளுக்கு அசல் கூட்டின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் விளிம்புகளை வெட்ட வேண்டி வரும். வெட்டாமல் மாட்டுகிற கிட்டும் உண்டு, ஐபிஎஸ்ஸுக்கென்றே வார்த்த புதுக் கூடும் உண்டு. 2001-இல் வந்த அசல் கூடு நல்ல நிலையில் இருந்தால் அதை வெட்ட வேண்டாம். புதுக் கூடு வாங்கி அதில் மாட்டிவிட்டு, பழையதைத் துடைத்து எடுத்து வையுங்கள். வெட்டிய கூட்டை மறுபடி ஒட்ட முடியாது.

மேஜையில் இருக்க வேண்டியவை

மூன்று முனை உள்ள ஒய் திருப்புளி. நாகர்கோவில் மணிமேடை பக்கத்து மொபைல் சர்வீஸ் கடையில் போய் ஒய் பிட் இரவல் கேட்டால் ஐபோனுக்கு உள்ளதைத் தருவார்கள், அது இதற்குச் சிறியது, சுற்றினால் திருகின் தலை வழுக்கிப் போய்விடும். கேம்பாய்க்கு என்று விற்கும் பெரிய ஒய் முனையைக் கிட்டோடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள். கூடவே சாதாரணச் சின்ன ஸ்டார் திருப்புளி, பிளாஸ்டிக் நெம்பி, முனை மழுங்கிய ட்வீசர், மின்சாரம் கடத்தாத மஞ்சள் நிறக் கேப்டன் டேப், பழைய டூத் பிரஷ், மல்டிமீட்டர். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்கும்போது மொபைல் சாமான் விற்கும் கடையில் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் கை கழுவும் திரவத்தில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். சாதாரண செல்லோ டேப்பும் வேண்டும், அது கண்ணாடி ஒட்டும்போது உதவும்.

முதல் படி: திறப்பது

பேட்டரியையும், விளையாட்டு இருக்கும் கேட்ரிட்ஜையும் எடுங்கள். பின்பக்கம் ஆறு ஒய் திருகு, பேட்டரி அறைக்குள் ஒரு ஸ்டார் திருகு. கடலோரத்தில் இருந்த கருவியில் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அப்படியே பலத்தைக் காட்டாதீர்கள். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து, திருப்புளியை மேலிருந்து நன்றாக அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள், அழுத்தம்தான் முக்கியம், திருப்புவது இல்லை. பின் மூடியைத் தூக்கியதும் இரண்டு தோள் பொத்தான்களும் அவற்றின் ஸ்பிரிங்கோடு கழன்று விழப் பார்க்கும், அதனால் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், ஒரு தட்டுக்கு மேல் வைத்துத் திறங்கள். எடுப்பதற்கு முன் அந்த ஸ்பிரிங் எப்படி மாட்டியிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டின் மேல் திரையின் ரிப்பன் ஒரு சாக்கெட்டில் செருகியிருக்கும். அந்தச் சாக்கெட்டுக்கு ஒரு பூட்டு உண்டு. இரண்டு ஓரத்திலும் நகத்தால் பிடித்து மாறி மாறி வெளியே இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் போலத்தான் நகரும். அதற்கு மேல் வராது, வர வைக்கவும் கூடாது. அது உடைந்தால் கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரிப்பன் நிற்காது. பூட்டு திறந்ததும் ரிப்பன் தானாகவே வழுக்கி வரும், இழுக்க வேண்டியதில்லை. அப்புறம் போர்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைக் கழற்றிப் போர்டைத் தூக்குங்கள்.

இரண்டாம் படி: உப்பு நீக்குவது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேட்டரி தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது கசிந்த பேட்டரி. காது குடையும் பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும், அதன் பிறகு ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், புளிப்பு உள்ளே தங்கினால் அதுவே அரிக்கும். செம்பு தெரியும் இடங்களில் பச்சைக் களிம்பு இருந்தால் ஆல்கஹாலும் டூத் பிரஷும் போதும்.

இப்போது பவர் சுவிட்ச். அதன் சந்தில் இரண்டு மூன்று சொட்டு ஆல்கஹால் விட்டு, சுவிட்சை ஆன் ஆஃப், ஆன் ஆஃப் என்று கை வலிக்கும் வரை தள்ளுங்கள். துடைத்துவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். பெரும்பாலான சுவிட்ச் இதிலேயே தெளிந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, சுவிட்ச் ஆனில் இருக்கும்போது அதன் கால்களுக்கு இடையே அளந்து பார்த்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும், எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. அப்போதும் சரியாகவில்லை என்றால் சுவிட்சின் மேல் தகட்டை மடக்கிப் பிடித்திருக்கும் காதுகளை நிமிர்த்தி, தகட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் கறுத்த தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டு மூடலாம். கதவுக்கும் சைக்கிளுக்கும் அடிக்கிற துரு ஸ்பிரேயை இதில் அடிக்காதீர்கள், அன்றைக்கு வேலை செய்யும், பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி சேர்ந்து முன்பைவிட மோசமாகும்.

ஆல்கஹால் முழுவதும் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் லேசில் காயாது. ஒரு இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுங்கள்.

மூன்றாம் படி: கூட்டுக்கு வெளியே சோதிப்பது

கிட்டில் பெரும்பாலும் இரண்டு ரிப்பன் இருக்கும், ஒன்று 32 கால், இன்னொன்று 40 கால். அட்வான்ஸ் போர்டு இரண்டு விதமாகவும் வந்திருப்பதால்தான் இப்படி. எண்ணத் தேவையில்லை, சாக்கெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதை எடுத்தால் போதும். ரிப்பனை நேராக அடி வரை செருகி, பூட்டின் இரண்டு ஓரத்தையும் ஒரே நேரத்தில் தள்ளி மூடுங்கள். ரிப்பனில் இருக்கும் வெள்ளைக் கோடு சாக்கெட்டின் விளிம்புக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தால் படத்தில் நிறம் மாறும், இல்லையென்றால் வெறும் வெள்ளையாக நிற்கும்.

திரையின் பின்பலகை போர்டில் படாதபடி இடையில் கேப்டன் டேப் ஒட்டி, பின் மூடியை வெறுமனே சாத்தி வைத்து, பேட்டரி போட்டு ஆன் செய்யுங்கள். கேட்ரிட்ஜ் வேண்டாம். கேட்ரிட்ஜ் இல்லாவிட்டால் தொடக்க லோகோவிலேயே வெள்ளைப் பின்னணியில் நிற்கும், அந்த வெள்ளையில்தான் செத்த புள்ளியும், வெளிச்சம் கசியும் ஓரமும் பளிச்சென்று தெரியும். வெளிச்சத்தை அதிகபட்சத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். இந்த நிலையில் அணைந்து அணைந்து எரிந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். கிட் பழுதாக இருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும், இன்னும் எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை, திருப்பி அனுப்பலாம். ஒட்டிய பிறகு எந்தக் கடைக்காரரும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

நான்காம் படி: கண்ணாடியும் தூசியும்

லாமினேட் கிட் என்றால் இந்தப் படியே கிடையாது, அதனால்தான் அதைச் சிபாரிசு செய்தேன். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இடைவெளி இல்லாததால் தூசி போகாது, மழைக்காலத்தில் உள்ளே ஈரம் படியாது, கேமரா லென்ஸில் வருகிற மாதிரி வலை வலையாகப் பூஞ்சை பிடிப்பதும் இல்லை. தனித்தனியாக வருகிற கிட்டில் இந்த மூன்றும் வரும்.

தனிக் கண்ணாடி என்றால், ஜன்னலை அடைத்து ஃபேனை நிறுத்துங்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்று வீசும்போது தோவாளை, செண்பகராமன்புதூர் பக்கம் இருப்பவர்கள் இந்த வேலையைக் காலையிலேயே, காற்று எழும்பும் முன் முடித்துவிடுவது நல்லது. மேஜையை ஈரத் துணியால் துடையுங்கள். திரையின் மேல் இருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசி நொடியில்தான் உரிக்க வேண்டும். வரிசை இதுதான்: முதலில் திரையைக் கூட்டின் உட்பக்கம் அதன் இடத்தில் உட்கார வையுங்கள், ஆன் செய்து படம் சட்டத்துக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், சரியாக இருந்தால் மட்டும் பசை நாடாவின் தாளை உரித்து ஒட்டுங்கள். படம் ஒரு பக்கம் சரிந்து ஒட்டிவிட்டால் விளையாடும்போதெல்லாம் அது மட்டுமே கண்ணில் படும். அப்புறம் திரையைத் தலைகீழாகப் பிடித்து, தூசி இருக்கும் இடத்தில் செல்லோ டேப்பை லேசாகத் தொட்டு எடுங்கள், ஊதாதீர்கள், ஊதினால் எச்சில் தெறிக்கும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். எல்லாம் சுத்தம் என்றதும் கண்ணாடியின் ஒரு ஓரத்தை முதலில் வைத்து, மெதுவாக மறு ஓரத்துக்கு இறக்குங்கள்.

பழைய கூட்டையே பயன்படுத்துகிறவர்கள் இதற்கு முன்பே பழைய கண்ணாடியை எடுத்திருக்க வேண்டும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, உட்பக்கத்திலிருந்து விரலால் தள்ளினால் வந்துவிடும்.

ஐந்தாம் படி: பற்றவைப்பது, விருப்பம் இருந்தால்

கிட்டில் வரும் தொடு உணரியைக் கூட்டின் உட்பக்கம் ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து தொட்டே வெளிச்சத்தை மாற்றலாம், பற்றவைக்கத் தேவை இல்லை. ஆனால் விரல் வியர்க்கிற நம்ம ஊர் வெக்கையில் அது தானாக மாறிக்கொண்டிருக்கும் என்று சிலர் குறைபடுகிறார்கள். செலக்ட் பொத்தானோடு தோள் பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் மாற வேண்டும் என்றால் மூன்று கம்பி பற்றவைக்க வேண்டும். அட்வான்ஸ் போர்டில் டிபி என்ற எழுத்தோடு எண் போட்ட சோதனைப் புள்ளிகள் உண்டு. 2 என்பது செலக்ட், 8 வலத் தோள், 9 இடத் தோள். 25 வாட் அயர்ன் போதும். முதலில் புள்ளியில் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி லேசாக ஈயம் பூசுங்கள், கம்பியின் நுனியிலும் பூசுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி தொட்டு எடுங்கள். அயர்னை வைத்துக்கொண்டே இருந்தால் அந்தச் செம்புப் பொட்டே பெயர்ந்து வந்துவிடும். கை நடுங்குகிறவர்கள் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடையில் கொடுங்கள், அவர்கள் தினமும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இதைவிட நுணுக்கமான வேலையைச் செய்கிறவர்கள், சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

ஆறாம் படி: மூடுவது

பொத்தான்களின் ரப்பர் திண்டுகளை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், கறுப்புப் பூச்சு போய்விடும், உலர்ந்த துணி போதும். போர்டை உட்கார வைக்கும்போது ரிப்பன் எங்கும் கூர்மையாக மடியவில்லை என்று பாருங்கள். தோள் பொத்தான்களை ஸ்பிரிங்கோடு மாட்டிய பிறகே பின் மூடி. திருகுகளை எதிரெதிர் மூலையாகப் பாதி வரை இறுக்கி, அப்புறம் எல்லாவற்றையும் முழுதாக இறுக்குங்கள், ஆனால் புதுக் கூட்டில் பலம் கொடுக்காதீர்கள், முதல் முறை திருகும்போது பிளாஸ்டிக்கில் மரை விழுகிறது, அளவு தாண்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும். மூடியதும் திரையில் நீர்ச்சுழி போல நிழல் தெரிந்தால் எங்கோ அழுத்துகிறது, ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

ஏதாவது தகராறு செய்தால்

வெளிச்சம் கூட்டினால் அணைகிறது: பவர் சுவிட்ச், அல்லது பேட்டரி தகடு. ஆன் ஆகவே இல்லை: போர்டில் எஃப்1 என்று குறித்திருக்கும் குட்டி ஃபியூஸை மல்டிமீட்டரில் பாருங்கள், திரையின் பின்பலகை எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருந்தால் அது போயிருக்கும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் ரிப்பன். நிறங்கள் தாறுமாறு என்றாலும் ரிப்பன்தான். சிவப்பு விளக்கு சீக்கிரமே எரிகிறது என்றால் பயப்பட வேண்டாம், ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5, அந்த விளக்கு மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் நிறம் மாறுகிறது. பழைய திரையில் இரண்டு அல்கலைனில் 15 மணி நேரம் போல ஓடிய கருவி இது. புதுத் திரையில் முழு வெளிச்சம் வைத்தால் அதில் பாதிதான் வந்தது என்று சொல்லாதீர்கள், நடு வெளிச்சத்தில் வைத்து விளையாடுங்கள், வீட்டுக்குள் அதுவே கண்ணைக் கூசும்.

மாற்றிய பிறகு சில விளையாட்டுகளில் நிழலோ தண்ணீரோ படபடவென்று மினுங்குவது தெரியும். பழுது இல்லை. பழைய திரை மெதுவாக மாறும், ஒரு படம் மறைவதற்குள் அடுத்தது வந்து இரண்டும் கலந்துவிடும், அதை நம்பியே ஒரு பொருளை ஒரு கட்டம் காட்டி ஒரு கட்டம் மறைத்து, பாதி ஊடுருவித் தெரிவது போலச் செய்தார்கள். ஐபிஎஸ் உடனுக்குடன் மாறுவதால் அந்தத் தந்திரம் அம்பலமாகிவிடுகிறது. நிறமும் அப்படித்தான், அட்வான்ஸின் இருட்டுத் திரைக்காக வேண்டுமென்றே தூக்கலாகத் தீட்டிய விளையாட்டுகள் ஐபிஎஸ்ஸில் திருவிழாக் கடை மாதிரி கத்தும்.

அசல் கருவி இல்லாதவர்களுக்கு

பழைய விளையாட்டுகளை மென்பொருள் மூலம் ஓட்டும் மியூ மினி, ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் போன்ற புதுக் கருவிகளில் திரையைக் கழற்ற எதுவும் இல்லை, அமைப்புகளை மாற்றினாலே தரம் எங்கோ போய்விடும். இரண்டும் பெரும்பாலும் 640க்கு 480. விளையாட்டை ஓட்டும் ரெட்ரோஆர்க் செயலியில், படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெருக்கும் இன்டீஜர் ஸ்கேல் என்பதை ஆன் செய்யுங்கள். கேம்பாய், கலர் இரண்டும் 160க்கு 144 என்பதால் மூன்று மடங்கில் 480க்கு 432 ஆகி அருமையாக உட்காரும். அட்வான்ஸ்தான் சங்கடம், இரண்டு மடங்கில் 480க்கு 320, நான்கு பக்கமும் 80 புள்ளி கறுப்பாக வீணாகும், திரையை நிரப்பினால் 2.67 மடங்கு, நான் முதலில் சொன்ன அந்த நெளிவு வந்துவிடும். அட்வான்ஸ் விளையாட்டுதான் உயிர் என்கிறவர்கள் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் பாருங்கள், 720க்கு 480, கச்சிதமாக மூன்று மடங்கு. பிளேஸ்டேஷன் ஒன்று, சூப்பர் நின்டெண்டோ என்று எல்லாம் கலந்து விளையாடுகிறவர்களுக்கு 640க்கு 480-ஏ நல்லது, பிளேஸ்டேஷனின் 320க்கு 240 அதில் சரியாக இரண்டு மடங்கு. பழைய பிஎஸ்பியில் அட்வான்ஸ் விளையாட்டு ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறைய, அதன் 480க்கு 272 திரையில் உயரம் இரண்டு மடங்குக்குப் போதாது, ஒன்று குட்டிப் படம், இல்லையென்றால் இழுத்த படம்.

ரெட்ரோஆர்க்குக்குள் அட்வான்ஸ் விளையாட்டை ஓட்டும் எம்ஜிபிஏ கோரின் அமைப்புகளில் கலர் கரெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் நிறத்தின் கூச்சல் அடங்கும். இன்டர்ஃப்ரேம் பிளெண்டிங் போட்டால் அந்த மினுக்கம் பழையபடி கலந்துவிடும், ஆனால் வேகமான ஓட்ட விளையாட்டில் லேசாகப் பேய் நிழல் விழும், அதனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள். கட்டம் கட்டமாகப் பழைய திரை போலத் தெரிய எல்சிடி3எக்ஸ் என்ற ஷேடர் (படத்தின் தோற்றத்தை மாற்றும் வடிகட்டி) போதும், சின்னக் கருவியின் ப்ராசஸர் அதைத் தாங்கும். ஷேடர் போட்டதும் படம் ஒரு படி இருட்டாகும், அப்போது மட்டும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.